விருதை யாருக்குக் கொடுப்பது?

கேள்வி: எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டத்தின் செயலாளராக இருக்கிறேன். வெளிநாட்டில் வேலை பார்க்கும் ஊர்க்காரர் ஒருவர் ஆண்டுதோறும் 50,000 ரூபாய் தருவதாகச் சொல்லியிருக்கிறார். எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவருக்கு அதில் விருது கொடுக்கலாம் என்று முடிவு செய்தோம். அங்கேதான் தகராறு. ஒருவர் இறந்து 25 வருடமாவது ஆனால்தான் அவருடைய உண்மையான பெருமை தெரியும் என்கிறார்கள் மூத்த உறுப்பினர்கள். 1960களில் காலமான ஒரு கவிஞரின் பெயரைச் சொல்கிறார்கள். செத்த பிறகு மாலை போட்டு என்ன பயன், 80 வயதைத் தாண்டிய எங்கள் தமிழாசிரியருக்குக் கொடுங்கள் என்கிறார்கள் இளைஞர்கள். அவர் நாடகங்கள் எழுதிப் பள்ளிப் பிள்ளைகளை நடிக்க வைத்தவர். ஒருவருடைய பெருமையைச் சரியாகச் சொல்லக்கூடியவர்கள் அவர் காலத்தவரா, பின்னால் வருகிறவர்களா? ஆவணக் காப்பாளராக இருந்தவர் என்பதால் உங்களைக் கேட்கிறேன்.

பதில்:

அன்புள்ள செயலாளர் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்தால், சண்டை போடும் இரண்டு தரப்புமே ஒரு விஷயத்தில் ஒத்துப்போவது தெரிகிறது. பிற்காலம் என்று ஒன்று வரும், அது எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு, வேண்டியவர் வேண்டாதவர் பார்க்காமல் தரம் பிரிக்கும் என்று இருவரும் நம்புகிறார்கள். மூத்தவர்கள் அதற்காகக் காத்திருக்கச் சொல்கிறார்கள். இளைஞர்களுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். பழைய தாள்களோடு காலம் தள்ளியவன் என்ற முறையில் நான் சொல்வது இதுதான்: அந்த நம்பிக்கையை முதலில் விடுங்கள். பின்னால் வருகிறவர்கள் எல்லாவற்றையும் பார்ப்பதில்லை. முன்னால் இருந்தவர்கள் தூக்கிப் போடாமல் விட்டதை மட்டும் பார்க்கிறார்கள்.

ஐம்பெருங்காப்பியங்கள் எவை என்று கேட்டால் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மூச்சு விடாமல் ஒப்பிக்கும். அதில் வளையாபதியையும் குண்டலகேசியையும் முழுதாகப் படித்தவர் ஒருவரைக் காட்டுங்கள் பார்ப்போம். உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டியதிலும் புறத்திரட்டு என்ற தொகை நூலிலுமாகச் சில பாடல்கள் தப்பின. மற்றதெல்லாம் போய்விட்டது. பெருங்காப்பியம் என்ற பட்டம் மட்டும் பத்திரமாக இருக்கிறது. அவை சிலப்பதிகாரத்துக்கு ஈடுகொடுக்குமா என்று இன்றைக்கு எந்தப் பேராசிரியராலும் சொல்ல முடியாது. பழைய ஆட்கள் சொன்னார்கள், நாமும் வரிசையில் வைத்திருக்கிறோம்.

தப்பிப் பிழைத்த நூல்களின் கதையாவது பிற்காலத்துக்குப் பெருமை சேர்க்கிறதா என்றால், அதுவும் இல்லை. 1880 அக்டோபரில் கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியரான உ.வே. சாமிநாதையர், அந்த ஊருக்கு முன்சீபாக, அதாவது கீழ்நீதிமன்ற நீதிபதியாக, வந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என்று ஐயர் பெரிய பட்டியலே போட்டார். முதலியார் அசையவில்லை. சிந்தாமணி படித்திருக்கிறீர்களா, சிலப்பதிகாரம் படித்திருக்கிறீர்களா என்று கேட்டார். இல்லை. தமிழில் கரை கண்டவரிடம் பாடம் கேட்டவர், கல்லூரியில் தமிழ் சொல்லிக் கொடுப்பவர், அவருக்கே இந்த நூல்கள் பாடமாக வந்து சேரவில்லை. அதற்குப் பிறகு அவர் தேடி அலைந்து, சீவகசிந்தாமணி 1887இலும், பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும் அச்சாயின. இந்த நூல்கள் எழுதப்பட்ட காலத்துக்கும் 1880க்கும் நடுவில் எத்தனை தலைமுறைகள்! அவர்களும் பிற்காலத்தவர்கள்தான். அவர்களில் பெரும்பாலோர் புறநானூற்றைத் தொடக்கூட இல்லை.

சாமிநாதையர் கரிவலம்வந்தநல்லூருக்கு ஏடு தேடிப் போன கதையையும் உங்கள் மூத்த உறுப்பினர்களுக்குச் சொல்லுங்கள். வரகுணபாண்டியர் என்ற அரசரின் ஏடுகள் அந்தக் கோயிலில் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனார். கணக்குப் பிள்ளைகளிடம் விசாரித்தால், பழுதான ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட வேண்டும் என்று ஆகமத்தில் இருக்கிறதாம், அப்படியே செய்துவிட்டார்கள் என்று பதில் வந்தது. செய்தவர்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. பக்தியோடு, முறைப்படி, நெய் செலவழித்துச் செய்திருக்கிறார்கள். அந்தக் கட்டில் என்ன இருந்தது, எந்தப் புலவர் இருந்தார் என்று இனி யார் தீர்ப்புச் சொல்வது?

இப்போது உங்கள் தமிழாசிரியர் விஷயத்துக்கு வருகிறேன். இந்த மாதிரி ஆட்களைப் பற்றி யோசிக்கும்போது எனக்கு நினைவுக்கு வருபவர் சாமிநாதையரின் ஆசிரியர், திருவாவடுதுறை ஆதீன வித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. 1815இல் பிறந்து 1876இல் மறைந்தவர். அவர் காலத்தில் அவரை மிஞ்சிய புலவர் இல்லை என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். மகாவித்துவான் என்றால் அவர்தான். கோயில் ஊர்களின் பெருமையைப் பாடும் தலபுராணங்கள் இருபதுக்கு மேல், அதுபோக அந்தாதி, பிள்ளைத்தமிழ், கலம்பகம். அவர் வாயால் சொல்லச் சொல்ல மாணவர்கள் ஏட்டில் எழுதுவார்கள், எழுதுகிறவன் கைதான் ஓயுமே தவிர அவருக்குப் பாட்டு ஓயாது. இன்றைக்கு அந்தத் தலபுராணங்களை விரும்பி எடுத்துப் படிப்பவர் எத்தனை பேர்? ஆய்வுக்காகப் புரட்டுகிறவர்களை விட்டுவிட்டால் மிகச் சிலர். சேக்கிழார் பிள்ளைத்தமிழுக்குக் கொஞ்சம் வாசகர்கள் உண்டு.

அப்படியானால் அவர் காலத்தவர் ஏமாந்துவிட்டார்களா? உங்கள் மூத்தவர்கள் ஆமாம் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நம்மிடம் வந்து சேர்ந்திருப்பது அச்சடித்த பாட்டு மட்டும். அவர்கள் பார்த்தது ஆளை. ஒரு பாட்டுக்குப் பொருள் சொல்லும்போது எங்கே நிறுத்துவார், புரியாத பையனுக்கு எப்படித் திரும்பச் சொல்வார், அன்றைய சாப்பாட்டுக்கு வழியில்லாதபோதும் மாணவர்களை எப்படிக் கூட வைத்துக்கொண்டார் என்பதெல்லாம் அவர்கள் கண்ணால் கண்டது. சைவ மடத்து வித்துவானிடம் கிறிஸ்தவரான சவராயலு நாயகரும் நாகூர் குலாம் காதிறு நாவலரும் பாடம் கேட்டிருக்கிறார்கள். அந்தப் பாடத்தின் விளைச்சல்தான் சாமிநாதையரே. மாணவர் உட்கார்ந்து ஆசிரியரின் வாழ்க்கையை இரண்டு பாகமாக, 1930களில், தமது எழுபத்தெட்டாம் வயதுக்குப் பிறகு எழுதி வைத்தார். அதனால்தான் நமக்கு இவ்வளவாவது தெரிகிறது. அந்த இரண்டு பாகம் இல்லையென்றால் பிள்ளையவர்கள் நமக்கு யார்? படிக்க ஆளில்லாத புராணங்களை எழுதிக் குவித்த ஒருவர்.

இசையிலும் இதே கதைதான். பாடகர் மகா வைத்தியநாத ஐயர் 1893இல் இறந்தார், குரல் பதிவு எதுவும் இல்லை. கேட்டவர்கள் சொன்னதுதான் சாட்சி. நாகசுரக் கலைஞர் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகம் இசைத்தட்டில் ஏறிவிட்டதால், அவர் மறைந்த 1956க்குப் பிறகு பிறந்தவனும் அதைக் கேட்டு வாயைப் பிளக்கலாம். இரண்டு பேரில் யார் பெரியவர் என்று யாராவது தீர்மானமாகப் பேசினால், கொஞ்சம் தள்ளி நின்று கேளுங்கள்.

ஆக, சொல்லிக் கொடுப்பது, மேடையில் நடிப்பது, வைத்தியம் பார்ப்பது, ஒரு நூலகத்தை முப்பது வருடம் திறந்து வைப்பது போன்றவற்றில் கூட இருந்தவர்களைத் தவிர வேறு நீதிபதி கிடையாது. பின்னால் வருகிறவர்களுக்கு அவை கண்ணில் படவே படாது.

உடனே இளைஞர்கள் கைதட்டிவிட வேண்டாம். சமகாலத்தவர் என்பதும் ஒரே வாயால் பேசும் கூட்டம் இல்லை. பாரதியாரை எடுத்துக்கொள்ளுங்கள். 1921 செப்டம்பரில் அவர் இறந்தபோது சுடுகாடு வரை போனவர்களை எண்ணிவிடலாம், அவ்வளவு குறைவு என்று மேடைக்கு மேடை சொல்கிறோம். பார், அவர் காலத்து மூடர்களுக்குத் தெரியவில்லை, நமக்குத் தெரிந்துவிட்டது என்று அதில் நமக்கு ஒரு சின்ன சந்தோஷம் வேறு. ஆனால் 1907இலேயே வி. கிருஷ்ணசாமி ஐயர் அவருடைய மூன்று பாடல்களை 15,000 பிரதி அச்சிட்டு இலவசமாகக் கொடுத்தார். ஐயர் மிதவாதி, பாரதிக்கு அரசியலில் நேர் எதிர்ப் பக்கம். பாட்டைக் கேட்டதும் கட்சியை ஒதுக்கி வைத்துவிட்டுப் பணத்தை எடுத்தார். 1917இல் பரலி சு. நெல்லையப்பர் கண்ணன் பாட்டைப் பதிப்பித்தார். பல காலத்துக்குப் பின் தமிழ்நாட்டு ஆண்களும் பெண்களும் இந்தப் பாடல்களைப் படித்துக் களிப்பதைத் தாம் இப்போதே காண்பதாக முன்னுரையில் எழுதினார். பாரதி உயிரோடு இருக்கும்போது, புதுச்சேரியில் கஷ்டப்பட்டுக்கொண்டிருக்கும்போது எழுதியது இது. இதைவிடச் சரியான தீர்ப்பை நூறு வருடம் காத்திருந்து நாம் சொல்லிவிட்டோமா?

நெல்லையப்பர் செய்ததில் எனக்கு முக்கியமாகப் படுவது தீர்க்கதரிசனம் இல்லை, அச்சடித்தது. பாரதி பெரிய கவிஞர் என்று திண்ணையில் சொன்னவர்கள் இன்னும் பலர் இருந்திருப்பார்கள். பாரதி போன பிறகு மனைவி செல்லம்மாளும் குடும்பத்தாரும் புத்தகங்களைக் கொண்டுவர முயன்றார்கள், பாரதியின் தம்பி விசுவநாதன், பாரதி பிரசுராலயம் என்ற பதிப்பகம் மூலம் தொடர்ந்தார். 1928இல் சென்னை மாகாண அரசு அந்தப் புத்தகங்களைப் பறிமுதல் செய்தது, சட்டசபையில் சத்தியமூர்த்தி எழுந்து சண்டை போட்டார். 1949இல் அதே சென்னை அரசு, வேறு ஆட்களின் கையில், பதிப்புரிமையை விலை கொடுத்து வாங்கியது. நடுவில் 1930களில் பாரதி மகாகவியா இல்லையா என்று பத்திரிகைகளில் பெரிய அடிதடி. ஆமாம் என்று எழுத்தாளர் வ.ரா., அந்த அளவுக்கு இல்லை என்று கல்கி, இதற்குப் பதிலாகவே எழுத்தாளர்கள் கு.ப.ரா.வும் சிட்டியும் ஒரு புத்தகம் போட்டார்கள். அதே கல்கிதான் பிறகு எட்டயபுரத்தில் மணிமண்டபம் கட்ட நிதி திரட்டினார், 1947இல் ராஜாஜி வந்து திறந்து வைத்தார். ஒரே ஆள் பத்துப் பன்னிரண்டு வருடத்தில் இவ்வளவு தூரம் நகர முடிகிறது என்றால், சமகாலம் எங்கே முடிந்து பிற்காலம் எங்கே தொடங்குகிறது என்று கோடு போடுவது கஷ்டம்தான். 25 வருடம் என்ற உங்கள் மூத்தவர்களின் கணக்கும் அப்படித்தான். அதற்கு ஏன் 20 ஆகாது என்று கேட்டுப் பாருங்கள்.

பிற்காலத்தவருக்கும் கட்சி உண்டு. கம்பன் காலமாகிப் பல நூறு வருடத்துக்குப் பிறகு, 1943இல், கம்பராமாயணத்தைக் கொளுத்தலாமா கூடாதா என்று அண்ணாதுரை ஒரு பக்கமும் தமிழறிஞர் ரா.பி. சேதுப்பிள்ளை ஒரு பக்கமும் நின்று சென்னையில் வாதாடினார்கள். கம்பனின் விருத்தம் மாறவில்லை. கேட்கிற ஊர் மாறியிருந்தது, அதன் தேவைகள் மாறியிருந்தன. நல்லதோ கெட்டதோ, எந்தத் தலைமுறையும் தன் சண்டைக்கு உதவுகிறவரைத்தான் முதலில் தேடி எடுக்கும்.

விருது என்று பேசுவதால் நோபல் பரிசிலிருந்து ஒரு ஜோடியைச் சொல்லிவிடுகிறேன். டென்மார்க்கைச் சேர்ந்த யோஹானஸ் ஃபிபிகர், ஒருவகைப் புழு எலிகளுக்குப் புற்றுநோய் உண்டாக்குவதாகச் சொல்லி 1926ஆம் ஆண்டுக்கான மருத்துவப் பரிசைப் பெற்றார். அந்த முடிவு பிறகு நிற்கவில்லை. அமெரிக்காவில் பெய்டன் ரூஸ் 1911இலேயே, கோழிகளுக்கு வரும் ஒரு கட்டியை வடிகட்டிய, செல் இல்லாத திரவத்தால் இன்னொரு கோழிக்குக் கொண்டுபோக முடியும் என்று காட்டினார். வைரஸ் காரணமாகப் புற்றுநோய் வரும் என்பதற்கு அது அடிப்படையான வேலை. அவருக்குப் பரிசு கிடைத்தது 1966இல், 87 வயதில். இறந்தவர்களுக்கு நோபல் தருவதில்லை என்பதால், ரூஸ் பிழைத்துக் கிடந்ததுதான் அவருடைய அதிர்ஷ்டம். அவசரப்பட்டுக் கொடுத்ததும் தப்பு, 55 வருடம் இழுத்ததும் தப்பு. ஆனால் இரண்டு தப்பும் சரிசெய்யக்கூடியதாக இருந்தது ஏன்? இரண்டு பேருடைய ஆய்வும் அச்சில் இருந்தது. யார் வேண்டுமானாலும் எடுத்துச் சோதித்துப் பார்க்க முடிந்தது.

உங்கள் கேள்விக்கு என் பதில் இந்த இடத்தில்தான் இருக்கிறது. தகுதியில்லாதவரைப் புகழ்ந்துவிட்டால் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை, கொஞ்ச காலத்தில் தானாக அடங்கிவிடும். அந்தக் காலத்தில் பட்டம் வாங்கி, சால்வை வாங்கி, இன்று பெயர்கூடத் தெரியாமல் போனவர்கள் ஏராளம், அதனால் தமிழுக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை. தகுதியுள்ளவரைக் கவனிக்காமல் விட்டால், அவர் எழுதியதை யாரும் எடுத்து வைக்கவில்லை என்றால், பின்னால் எவ்வளவு நியாயமான ஆள் வந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. எனவே யார் பெரியவர் என்ற தீர்ப்பை நிதானமாக எடுங்கள், அடுத்த தலைமுறைக்குத் தள்ளிவிட்டாலும் சரி. எடுத்து வைக்கும் வேலையை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். விருதுப் பணத்தை அந்த வேலைக்குச் செலவழியுங்கள் என்பதுதான் என் யோசனை.

இந்த வருடம் ஆசிரியருக்குக் கொடுங்கள். தயக்கமே வேண்டாம். அவரிடம் நடித்தவர்கள் இப்போது உயிரோடு இருக்கிறார்கள், அவர்களும் பேரன் பேத்தி எடுக்கும் வயதில் இருப்பார்கள். ஆனால் 50,000 ரூபாயையும் பொன்னாடை, கேடயம், பந்தல், ஃபிளெக்ஸ் என்று கரைத்துவிடாதீர்கள். பாதியை அவர் கையில் கொடுங்கள். மீதியை வைத்து அவருடைய நாடகக் கையெழுத்துப் பிரதிகளை ஸ்கேன் செய்யுங்கள். அவரை உட்கார வைத்துப் பேசச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். பொதுவாக வாழ்க்கையைப் பற்றிச் சொல்லுங்கள் ஐயா என்று கேட்டால் எல்லோரும் சொல்வதைத்தான் அவரும் சொல்வார். எந்த நாடகம், எந்த வருடம், யார் என்ன வேஷம், திரைச்சீலை யார் வீட்டுப் புடவை, தலைமையாசிரியர் எந்த வசனத்தை வெட்டச் சொன்னார் என்று கேளுங்கள். பழைய மாணவர்கள் இரண்டு மூன்று பேரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் ஒருவர் மறந்ததை இன்னொருவர் எடுத்துக் கொடுப்பார், தப்பாகச் சொன்னால் மறுத்தும் பேசுவார். மறுப்பையும் பதிவில் விட்டுவையுங்கள்.

நோட்டுகளை லேமினேட் செய்துவிட வேண்டாம். நல்லெண்ணத்தில் பலர் இதைச் செய்கிறார்கள், பிறகு தாளைப் பிரித்தெடுக்க முடியாது. கிழிந்த இடத்தில் செல்லோ டேப் ஒட்டினால் சில வருடத்தில் பசை பழுப்பாக ஊறி எழுத்தையும் சேர்த்துக் கெடுக்கும். துருப்பிடித்த பின்னை மட்டும் மெதுவாக எடுத்துவிடுங்கள். போட்டோக்களின் பின்பக்கம் ஓரத்தில், பேனாவால் இல்லாமல் மிருதுவான பென்சிலால், யார் எவர் என்று எழுதுங்கள். ஸ்கேன் பிரதிகளைச் சென்னையில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கோ தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்துக்கோ கொடுக்க முடியுமா என்று எழுதிக் கேளுங்கள். ஒரே இடத்தில் ஒரே பிரதி இருந்தால் அது இல்லாத மாதிரிதான்.

விழா மலர் போடும் யோசனை இருந்தால், ஒரு வேண்டுகோள். பாராட்டு மலர்கள் ஆவணக் காப்பகத்துக்கு வண்டி வண்டியாக வருகின்றன. கடல் போன்ற அறிவு, மலை போன்ற உறுதி, நடுவில் நகைக்கடை விளம்பரம். தேதி ஒன்று இருக்காது. நாடகத்துக்கு எவ்வளவு வசூல், விளக்குக்கு எவ்வளவு, வேஷத்துக்கு எவ்வளவு என்று யாரோ எழுதிய பழைய நோட்டு ஒன்று எனக்கு அந்த மலர்களையெல்லாம்விட அதிகம் சொல்லும். ஆசிரியரைப் பற்றி இரண்டு பக்கம் போதும், அதில் வருடமும் பெயரும் நாடகங்களின் முழுப் பட்டியலும் இருக்கட்டும்.

அப்புறம் கவிஞர். அவருக்கு விருது கொடுப்பதற்கு முன் மூத்த உறுப்பினர்களிடம் ஒன்று கேளுங்கள்: அவருடைய புத்தகத்தைக் கடைசியாகக் கையில் எடுத்துப் படித்தது எப்போது? பெரும்பாலும் அப்பா சொல்லிக் கேட்டது, பள்ளி விழாவில் கேட்டது என்றுதான் வரும். அதில் தப்பில்லை, ஆனால் அதைப் பிற்காலத்தின் தீர்ப்பு என்று சொல்லிவிடக் கூடாது, அது அவர் காலத்தவரின் தீர்ப்பு கைமாறி வந்திருப்பது. முதலில் புத்தகத்தைத் தேடுங்கள். அச்சாகும் புத்தகங்களைக் குறிப்பிட்ட பொது நூலகங்களுக்கு அனுப்ப வேண்டும் என்று 1954இல் சட்டம் வந்தது, சென்னைக் கன்னிமாரா நூலகம் அவற்றில் ஒன்று. சின்ன ஊர் அச்சகங்கள் எல்லாமே அனுப்பியிருக்கும் என்று சொல்ல மாட்டேன், இருந்தாலும் அங்கே பாருங்கள். பெசன்ட் நகர் உ.வே.சா. நூலகத்திலும் மறைமலை அடிகள் நூலகத்திலும் விசாரியுங்கள். உங்கள் ஊரிலேயே பழைய அச்சகக்காரர் வீட்டுப் பரணில் கிடைத்தாலும் ஆச்சரியமில்லை.

கிடைத்தால், அடுத்த வருடத் தொகையை அவர் பெயரில் விருதாக யாருக்கும் கொடுக்காமல், மறுபதிப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். 300 பிரதி போதும். ஊர்ப் பிள்ளைகள் படித்துவிட்டு நன்றாக இல்லை என்று சொன்னாலும் சொல்லட்டும், படித்துவிட்டுத்தானே சொல்கிறார்கள். மறுபதிப்புக்கு முன் ஒரு விஷயத்தைச் சரிபார்த்தாக வேண்டும். நம் சட்டப்படி ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 வருடம் வரை பதிப்புரிமை வாரிசுகளுக்குத்தான். 1960களில் காலமானார் என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். 1962 என்றால் உரிமைக் காலம் முடிந்துவிட்டது, தாராளமாக அச்சிடலாம். 1969 என்றால் 2029 முடியும்வரை குடும்பத்தாரிடம் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். இறப்புப் பதிவேட்டில் தேதியைப் பார்த்து எழுதுங்கள், சம்மதக் கடிதத்துக்கு ஒரு மாதிரி அனுப்புகிறேன்.